காற்றுத் தடுப்பு மரங்கள்: மானாவாரிக் காட்டுக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

தாராபுரம் பக்கமிருந்து: 5 ஏக்கர் செம்மண் காடுங்க. ஆனி, ஆடியில் ஒரே புழுதி. எந்தப் பக்கம் மரம் வைப்பதுங்க? ஒரு வரிசை போதுமா?

மேற்குப் பக்கம், தெற்கு வடக்காக வையுங்கள். பாலக்காட்டுக் கணவாய் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலம். தென்மேற்குப் பருவக்காற்று அதில் நெருக்கிக்கொண்டு புகுந்து நேராக நம் காட்டுக்குத்தான் வருகிறது. மழையை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, வெறும் வேகத்தோடு வருகிறது.

அந்தப் புழுதியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மணல் தத்தித் தத்திப் பக்கத்துக் காட்டோடு நின்றுவிடும். சத்தைப் பிடித்து வைத்திருக்கும் நைசான மண்தான் மேலே கிளம்பிப் போகிறது. போட்ட எருவும் அதோடு போகிறது. மண்ணை அள்ளும் பலம் காற்று வேகத்தின் மும்மடிக் கணக்கில் ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் பலம் எட்டு மடங்கு. அதனால் காற்றைக் கால் பங்கு தணித்தாலே போகிற மண்ணில் பாதிக்கு மேல் நின்றுவிடும்.

வரிசை எத்தனை என்பதற்குக் கணக்கு இது: மர உயரத்தைப் போல 10 மடங்கு தூரம் வரை நல்ல காப்பு உண்டு, அதற்கப்பால் தேயும். 20 அடி மரம் 200 அடி காக்கும். 5 ஏக்கர் சதுரக் காடு என்றால் ஒரு பக்கம் ஏறக்குறைய 465 அடி. ஆக, நடுவில் இன்னொரு வரிசை வேண்டும். வரிசையின் நடுவே வண்டிக்குக் கடவு விடாதீர்கள். சந்து கிடைத்தால் காற்று அங்கே இன்னும் வேகமெடுக்கும். கடவை வடக்கிலோ தெற்கிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

பல்லடம்: மரம் வளர வருசக்கணக்காகும். பேசாமல் மதில் கட்டிவிடலாமா?

வேண்டாங்க. மதிலில் மோதும் காற்று மேலே ஏறிக் குதித்து, கொஞ்ச தூரத்திலேயே சுழன்று விழும், விழுந்த இடத்தில் மண்ணைக் கிளப்பும். காற்றில் ஏறக்குறைய பாதி மரத்துக்குள் சல்லடையில் சலித்த மாதிரி நுழைந்து போக வேண்டும். அப்போதுதான் தணிவு நெடுந்தூரம் நிற்கும்.

காங்கேயம்: மேற்கே பனை வரிசை இருக்கிறதுங்க. போதாதா?

பனை உசரத்துக்கு ஆகும், ஆனால் அடி மொட்டை. மண் பறப்பது தரையோரத்தில்தான். பனைக்கு வெளியே கிளுவைப் போத்து, அதாவது வெட்டிய கிளையை, நெருக்கி நட்டு வேலி ஆக்குங்கள். உள்ளே 10 அடிக்கு ஒன்றாக, முன்பின்னாக வெள்வேலோ வேம்போ வையுங்கள். வெள்வேலங்காய் செம்மறிக்கும் ஆகும். நம் கொறங்காடுகளில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காடுகளில், கிளுவை வேலியும் வெள்வேலும் கொழுக்கட்டைப் புல்லும் சேர்ந்தே இருப்பதைப் பாருங்கள். அந்த மண் நகர்வதில்லை. அந்த வேலிகளைப் பிடுங்கிவிட்டுக் கம்பி கட்டுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

உடுமலை: மரத்தடியில் பயிர் வராதே?

ஓரத்தில் குறையும், உண்மைதான். மரத்தின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரத்துக்கு இழப்பு தெரியும். அதைத் தாண்டினால் ஈரம் நின்று, தளிர் கிழியாமல், விளைச்சல் கூடும். மரத்திலிருந்து 4, 5 அடி தள்ளி 2 அடி ஆழத்துக்குக் குழி இழுத்துப் பக்க வேரை அறுத்துவிடுங்கள். குழி தூர்ந்ததும் திரும்ப இழுக்க வேண்டும்.

சூலூர்: எப்போது நடுவது?

ஐப்பசி மழையோடு. நமக்கு மழை வடகிழக்குப் பருவத்தில்தான். ஆடியில் நட்டால் கன்று காற்றிலேயே காய்ந்துவிடும். ஆடு வாய் வைக்காமல் இரண்டு வருசம் முள் கட்டுங்கள்.

பல்லடம், மறுபடியும்: சரிங்க, அதுவரை மண்ணைப் போக விடுவதா?

சோளம் அறுக்கும்போது ஒரு சாண் தாள் விட்டு அறுங்கள், வைகாசியிலேயே அதை உழுது புரட்டாதீர்கள். உழுதே ஆகவேண்டும் என்றால் தெற்கு வடக்காகக் கட்டி புரள உழுங்கள். ரொட்டவேட்டரில் மாவாக்கிப் போட்டால் ஒரு காற்றுக்குத் தாங்காது.

அவிநாசி: கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உண்டு, சவுக்கு வைக்கிறேன். பருவம் வந்ததும் வெட்டி விற்கலாமா?

விற்கலாம், ஒரே தடவையில் வேண்டாம். இரண்டு வரிசையாக நடுங்கள். ஒன்றை வெட்டி மறுநடவு செய்து, அது ஆளுயரம் தாண்டியபின் அடுத்ததில் கை வையுங்கள். வெட்டுவதை ஆடி, ஆவணிக் காற்று ஓய்ந்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.