அமெரிக்காவில் எரிவாயுக் குழாயின் இணைப்பு பழுதானால் யாருக்கு, எப்போது தெரிவிக்க வேண்டும்?

வீடுகளுக்கு எரிவாயு விநியோகிக்கும் நிறுவனங்களைப் பற்றிய கேள்வி என எடுத்துக்கொள்கிறேன். இணையத்தில் கிடைக்கும் பல விளக்கங்கள் பழையவை, கவனமாக இருங்கள்.

2011 முதல், இறுக்கிப் பொருத்தும் மெக்கானிக்கல் இணைப்பு பழுதாகி அபாயகரமான கசிவு ஏற்பட்டால், ஒவ்வொன்றுக்கும் தனிப் படிவம் நிரப்பி, மறு ஆண்டு மார்ச் 15க்குள் பிம்சா என்ற கூட்டரசு அமைப்புக்கு அனுப்ப வேண்டியிருந்தது. 2021 விதித்திருத்தம் அந்தப் படிவத்தை நீக்கிவிட்டது. இப்போது எண்ணிக்கை மட்டும் ஆண்டறிக்கையில் போகிறது. கெடு அதே மார்ச் 15.

அபாயகரமான கசிவு என்றால் உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்து இருந்து, உடனே சரிசெய்ய வேண்டியது. நட்டை முறுக்கியதும் நின்றுவிடும் சின்னக் கசிவு இதில் சேராது.

ஆனால் அந்தப் பழுதால் ஒருவர் இறந்தாலோ, மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டாலோ, 30 லட்சம் கன அடி வாயு வெளியேறினாலோ கதையே வேறு. சொத்துச் சேதத்துக்கும் ஒரு வரம்பு உண்டு, அந்தத் தொகை ஆண்டுதோறும் மாறும். அப்போது சம்பவம் நடந்தது உறுதியானதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் தேசிய அவசரத் தகவல் மையத்துக்குச் சொல்ல வேண்டும். 48 மணி நேரத்தில் அந்தத் தகவலைப் புதுப்பிக்க வேண்டும். அப்புறம் 30 நாளில் பிம்சாவுக்கு எழுத்து அறிக்கை.

படிவம் போனதில் எனக்கு வருத்தம்தான். தயாரிப்பாளர் யார், எந்த உற்பத்தித் தொகுதி, எந்தப் பொருளால் ஆனது, எப்படிப் பழுதானது என்பதெல்லாம் அதில் இருந்தது. ஒரே தொகுதி இணைப்புகள் பல ஊர்களில் வரிசையாகத் தோற்பதை அப்படித்தான் கண்டுபிடிக்க முடியும். கழற்றிய இணைப்பைக் குப்பையில் போடாமல், அதிலுள்ள முத்திரைகளைப் படமெடுத்து உங்கள் பதிவேட்டிலாவது வையுங்கள்.