கணித, விஞ்ஞான ஆசிரியர் பயிற்சி: பணம் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படித்து இரண்டாம் வகுப்புக் கீழ்ப்பிரிவில் சித்தியடைந்தேன். இங்கிலாந்தில் நிரந்தர வதிவிட உரிமை உண்டு. கணவர் பேருந்துச் சாரதி. இளைய பிள்ளைக்கு வயது மூன்று. ஆசிரியப் பயிற்சிக்குப் போனால் அரசு 29,000 பவுண் தருகிறது என்று கோயிலில் ஒருவர் சொன்னார். உண்மைதானா? திருப்பிக் கட்ட வேண்டுமா?
– வாசகி, ஹரோ

பதில்: கோயிலில் கேட்ட செய்தி சரியானதே. 2025–2026 கல்வியாண்டில் கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல், கணினியியல் ஆகிய பாடங்களுக்கு இடைநிலைப் பள்ளி ஆசிரியராகப் பட்டப்பின் பயிற்சி பெறுவோருக்கு இங்கிலாந்தில் 29,000 பவுண் உதவித்தொகை வழங்கப்படுகிறது. இது கடன் அன்று. வருமான வரியும் இல்லை. கணவர் எவ்வளவு உழைக்கிறார் என்று யாரும் கேட்கப்போவதில்லை. இந்தத் தொகைக்கெனத் தனியாக விண்ணப்பிக்கவும் தேவையில்லை. பயிற்சிக்கு இடம் தரும் பல்கலைக்கழகமோ பள்ளிக் கூட்டமைப்போ உங்கள் தகுதியைப் பார்த்துத் தானாகவே மாதந்தோறும் செலுத்தும்.

தகுதியில் முதலாவது பட்டம். கீழ்ப்பிரிவு போதும், ஆனால் வெளிநாட்டுப் பட்டம் என்பதால் அது பிரித்தானியப் பட்டத்துக்கு எந்த அளவில் ஈடானது என்று கூறும் யூகே எனிக் சான்று தேவைப்படும். இரண்டாவது வதிவிடம். நிரந்தர உரிமை கையில் இருந்தாலும், படிப்புத் தொடங்குவதற்கு முந்திய மூன்று ஆண்டுகளும் நீங்கள் இங்கேயே வாழ்ந்திருக்க வேண்டும். நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் இவை இரண்டுமல்ல, ஆங்கிலமும் கணிதமும் ஜிசிஎஸ்ஈ (இங்கே பதினாறு வயதில் எழுதும் பரீட்சை) நான்காம் தரத்துக்கு நிகராக இருக்க வேண்டும் என்ற விதியே. சாதாரண தரப் பெறுபேற்றைக் கணிதத்துக்கு ஏற்றுக்கொள்ளும் நிறுவனம்கூட ஆங்கிலத்துக்குத் தனியாகச் சமவலுப் பரீட்சை எழுதச் சொல்லக்கூடும். அந்தப் பழைய சான்றிதழை யாழ்ப்பாணத்து அலுமாரியிலிருந்து எடுப்பிப்பதற்கே சில வாரங்கள் போய்விடும் என்பதால், அந்த வேலையை முதலில் தொடங்குங்கள்.

இதைவிடச் சற்றுப் பெரிய தொகையாக 31,000 பவுண் புலமைப்பரிசிலும் உண்டு. பௌதிகவியலுக்கு அதை வழங்குவது இன்ஸ்டிடியூட் ஒஃப் பிசிக்ஸ்; அங்கே தனியாக விண்ணப்பித்துத் தெரிவுபெற வேண்டும். பொதுவாக மேற்பிரிவையே எதிர்பார்ப்பார்கள் என்றாலும், தகுந்த அனுபவம் உள்ளவர்களைக் கீழ்ப்பிரிவுடனும் பரிசீலிப்பதுண்டு. உதவித்தொகை, புலமைப்பரிசில் இரண்டையும் சேர்த்துப் பெற முடியாது. மேலதிக 2,000 பவுணைவிட, அந்த நிறுவனம் தரும் வழிகாட்டலும் மற்றைய பௌதிகவியல் ஆசிரியர்களின் தொடர்புமே பிற்காலத்தில் அதிகம் கைகொடுக்கும் என்பது என் எண்ணம்.

இனிச் செலவுப் பக்கம். பயிற்சிக் கட்டணம் 2025–2026இல் 9,535 பவுண் வரை சென்றது. கையிலிருந்து கட்ட முடியாதவர்கள் மாணவர் கடன் பெறலாம். வாழ்க்கைச் செலவுக்கான கடனும் உண்டு. ஆண்டு வருமானம் 25,000 பவுணைத் தாண்டிய பின், தாண்டிய தொகையில் 9 சதவீதம் பிடிக்கப்படும். 40 ஆண்டுகளில் மீதி தள்ளுபடியாகும். நம் வீடுகளில் கடன் என்றாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு; அவர்கள் உதவித்தொகையிலிருந்தே கட்டணத்தைச் செலுத்தினால் கையில் நிற்பது 19,500 பவுண் அளவே என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

மாதக் கணக்கு இன்னும் முக்கியம். 29,000 பவுண் வழக்கமாக ஒக்டோபர் முதல் யூலை வரை பத்துத் தவணைகளாக, மாதம் 2,900 பவுண் வீதம் வரும். படிப்போ செப்டெம்பரில் தொடங்கிவிடும். முதல் தவணை வரும்வரை பயணச் சீட்டும் பிள்ளைக் காப்பகமும் உங்கள் கைப்பணத்தில்தான். அதேபோல யூலையுடன் தொகை நின்றுவிட, செப்டெம்பரில் வேலை ஏற்பவருக்கு முதற்சம்பளம் அம்மாத முடிவில்தான் வரும். ஆகவே தொடக்கத்துக்கும் ஓகஸ்ட் மாதத்துக்குமாக இரண்டு மாதச் செலவை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள். குறைந்தது 120 நாட்கள் பள்ளிகளில் பயிற்சி பெற வேண்டியிருப்பதால், பகுதிநேர வேலையை நம்பித் திட்டமிடாதீர்கள்.

மூன்று வயதுப் பிள்ளைக்காக மாணவர் நிதி நிறுவனத்திடம் குழந்தைப் பராமரிப்பு மானியம் கேட்கலாம். பதிவுபெற்ற காப்பகத்துக்கான செலவில் 85 சதவீதம் வரை, ஓர் உச்ச வரம்புக்குட்பட்டு, அது கிடைக்கக்கூடும். உதவித்தொகையைப் போலன்றி, இதற்கும் வாழ்க்கைச் செலவுக் கடனின் அளவுக்கும் கணவரின் வருமானம் பார்க்கப்படும். நீங்களோ கணவரோ யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவிப்பணம் வழியாகப் பராமரிப்புச் செலவு பெற்றால் இந்த மானியம் இல்லை.

கேள்வி: கோயம்புத்தூரில் இயந்திரப் பொறியியல் படித்தவன். மனைவியின் வேலை விசாவில் அவரைச் சார்ந்தவனாக இங்கு வந்திருக்கிறேன். கணித ஆசிரியராக விரும்புகிறேன். எனக்கும் இந்தத் தொகை உண்டா?
– வாசகர், ஈஸ்ட் ஹாம்

பதில்: கணிதத்துக்கு இல்லை, மாணவர் கடனும் உங்களுக்குக் கிடைக்காது. ஆனால் 2025–2026இல் வதிவிட உரிமை இல்லாத வெளிநாட்டவருக்கும் பௌதிகவியலுக்கும் மொழிப் பாடங்களுக்கும் உதவித்தொகை திறந்திருந்தது. பொறியியல் பட்டதாரிகளைப் பௌதிகவியல் ஆசிரியராக்கவென்றே தனிப் பயிற்சி நெறியும் இருப்பதால், உங்கள் பட்டம் அங்கே செல்லுபடியாகும். வெளிநாட்டவருக்கான கட்டணம் உள்ளூர்க் கட்டணத்தைவிடக் கூடுதலாக இருக்கும். இடத்தை ஏற்குமுன் அதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். இடம்பெயர்வோருக்கு 10,000 பவுண் தருகிறார்கள் என்று இணையத்தில் இன்னும் சுற்றும் தகவலை நம்ப வேண்டாம். 2023இலும் 2024இலும் தொடங்கியவர்களோடு அது முடிந்துவிட்டது. கணிதமே வேண்டும் என்றால், பள்ளி ஒன்றில் சம்பளத்துடன் பயிலும் வழியைத் தேடலாம். சார்ந்தோர் விசாவில் வேலை செய்யத் தடையில்லை. அவ்வகை இடங்கள் குறைவு, போட்டியோ அதிகம்.

கேள்வி: என் மகள் உயிரியலில் பட்டம் பெறவிருக்கிறாள். உயிரியலுக்கான தொகை ஏறி இறங்குகிறது என்கிறார்களே, ஓராண்டு பொறுத்துப் பார்க்கலாமா?
– வாசகர், கிங்ஸ்டன்

பதில்: ஏறி இறங்குவது உண்மை. 2020இல் தொடங்கியவர்களுக்கு 26,000 பவுணாக இருந்தது, பெருந்தொற்றுக் காலத்தில் விண்ணப்பங்கள் குவியவே, மறு ஆண்டில் 7,000 ஆகச் சரிந்தது. பின்னர் 10,000, 20,000, 25,000 என ஏறி, 2025இல் மீண்டும் 26,000 ஆயிற்று. ஆசிரியர் எங்கே பற்றாக்குறையோ அங்கே பணத்தைக் கொட்டுவதும், நிரம்பியவுடன் கையை மூடுவதும் அரசின் வழக்கம்; அதை முன்கூட்டிக் கணிக்க முயல்வது வீண். பயிற்சி தொடங்கும் ஆண்டின் தொகையே உங்கள் மகளுக்குரியது என்பதால், நல்ல தொகை அறிவிக்கப்பட்டிருக்கும்போதே நுழைவது மேல்.

மகள் உயர்தரத்தில் இரசாயனவியல் படித்திருந்தால் இன்னொரு வழியும் உண்டு. பாட அறிவை நிரப்பும் 8 முதல் 28 வாரம் வரையிலான இலவசப் பாடநெறியை முடித்து, இரசாயனவியல் ஆசிரியராகப் பயிலலாம். தொகை 29,000 பவுண். வேலையில் சேர்ந்த முதல் ஐந்து ஆண்டுகளில், வசதி குறைந்த பகுதி அரசுப் பள்ளிகளில் கற்பிப்போருக்கு ஆண்டுக்கு 6,000 பவுண் வரை கிடைக்கும் ஊக்கத்தொகையும் இரசாயனவியலுக்கு உண்டு, உயிரியலுக்கு இல்லை. பதினொன்று முதல் பதினான்கு வயது வரையிலான வகுப்புகளில் ஒரே ஆசிரியர் மூன்று விஞ்ஞானங்களையும் எடுப்பது இங்கே சாதாரணம் என்பதால், எந்தப் பெயரில் பயின்றாலும் உயிரியல் அவரை விட்டுப் போகாது.