மெர்ல் ஹாகர்ட்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: அமெரிக்கக் கன்ட்ரி இசைப் பாடகரான ஹாகர்ட் கலிபோர்னியாக்காரர். தென் மாநிலங்களின் கன்ட்ரி இசை அவருக்கு எப்படி வாய்த்தது?

பதில்: பிழைப்புத் தேடி வந்தவர்களோடு அந்த இசையும் வந்தது. 1930களில் ஓக்லஹோமாவிலிருந்து மேற்கே கிளம்பிய ஏராளமான குடும்பங்களில் அவருடைய பெற்றோரும் இருந்தனர். கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்ட் நகரை ஒட்டிய ஆயில்டேலில், பழைய ரயில் சரக்குப் பெட்டி ஒன்றைத் தந்தை வீடாக மாற்றியிருந்தார். 1937 ஏப்ரல் 6 அன்று பிறந்த ஹாகர்ட் வளர்ந்தது அதில்தான்.

கேள்வி: அவருடைய 'மாமா ட்ரைட்' பாடலில் வரும் ஆயுள் தண்டனை உண்மையா?

பதில்: இல்லை. (தலைப்பில் உள்ள 'மாமா' நம் மாமன் அல்ல, தாய்.) திருட்டு முயற்சிக்காக சான் குவென்டின் சிறைக்குச் சென்ற அவர், பாடலில் சொல்வதுபோல இருபத்தொன்றாம் வயதை அங்கே எட்டியது உண்மை, ஆனால் 1960இலேயே வெளியே வந்துவிட்டார். 1972இல் ஆளுநர் ரொனால்ட் ரீகன் முழு மன்னிப்பு வழங்கினார்.

கேள்வி: பேக்கர்ஸ்ஃபீல்ட் பாணிக்கும் நாஷ்வில் பாணிக்கும் என்ன வேறுபாடு?

பதில்: கன்ட்ரி இசைத்துறையின் தலைநகரான நாஷ்வில்லின் அக்காலப் பதிவுகளில் வயலின் குழுவும் பின்னணிக் கோரஸும் பாடகரைச் சுற்றி மெத்தை விரித்தன. பேக்கர்ஸ்ஃபீல்ட் இசையோ மதுக்கூடங்களில் வளர்ந்தது. குடியும் ஆட்டமுமாக இரைச்சல் நிறைந்த கூடத்தில் காதில் விழ வேண்டுமென்றால் டெலிகாஸ்டர் மின்கிட்டாரின் கூரிய ஒலியும், பெடல் ஸ்டீல் எனும் மிதி வைத்த கிடைக் கிட்டாரின் இழுப்பும், தயங்காத தாளமும் தேவைப்பட்டன. அவ்வூரின் மற்றொரு நட்சத்திரப் பாடகர் பக் ஓவன்ஸ் அதை மேலும் துள்ளலாக்கினார், ஹாகர்ட் நிதானப்படுத்தினார்.

கேள்வி: அவருடைய குரலில் அப்படி என்ன இருக்கிறது?

பதில்: சிறைக் கதையே எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் முதலில் ஒரு நல்ல மாணவர். மூத்த கன்ட்ரி பாடகர் லெஃப்டி ஃபிரிசெல் ஓர் உயிரெழுத்தை நீட்டி, வளைத்து, அடுத்த சுரத்தில் மெல்ல இறக்கிவிடும் வித்தையை இளம்வயதிலேயே அச்சாகப் பாடிக் காட்டியவர், பின்னர் அந்த வளைவுகளைக் குறைத்துக் குறைத்து, கீழ்ச்சுரங்களில் ஏறக்குறைய பேசுவதைப் போலப் பாடும் தன் வழியைக் கண்டடைந்தார். துயரமான வரியில் குரலை உயர்த்தாமல் விட்டுவிட்டு, மிச்சத்தை தன் குழுவின் ராய் நிக்கல்ஸின் கிட்டாரிடம் ஒப்படைப்பார். கற்ற கடனையும் அவர் மறைக்கவில்லை: 1969இல் கன்ட்ரி இசையின் முன்னோடி ஜிம்மி ரோஜர்ஸின் பாடல்களைத் தொகுத்துப் பாடினார், அடுத்த ஆண்டு முந்தைய தலைமுறை இசைக்குழுத் தலைவர் பாப் வில்ஸுக்கான தொகுப்புக்கென்றே ஃபிடில் (வயலின்) கற்றுக்கொண்டு, வில்ஸின் பழைய இசைக்குழுவினரையும் ஒலிப்பதிவுக்கு அழைத்துவந்தார். புகழின் உச்சியில் இருந்தவர், சந்தையில் விலைபோகுமா என்று பாராமல் செய்த வேலை அது.

கேள்வி: எத்தனை பாடல்கள் முதலிடம் பிடித்தன?

பதில்: அமெரிக்க இசை இதழான பில்போர்டின் கன்ட்ரி பட்டியலில் 38.

கேள்வி: புதிதாகக் கேட்பவர் எதில் தொடங்கலாம்?

பதில்: 'சிங் மீ பேக் ஹோம்'. மரண தண்டனைக்கு நடத்திச் செல்லப்படும் கைதி, நண்பனிடம் பழைய பாடல் ஒன்றைக் கேட்கிறான். பல்லவியில் கோரஸ் சேரும்போதும் ஹாகர்ட் குரலைக் கூட்டவில்லை என்பதைக் கவனியுங்கள்.