எங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் தரவு தரமானதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு நல்ல மென்பொருள் உண்டா?

மென்பொருள் வாங்குவது என்று மேலே முடிவாகிவிட்டது, விசாரிக்கும் வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது என்று நினைக்கிறேன். வாங்குவதற்கு முன், அந்தத் தரவை உள்ளிடுகிறவர் பக்கத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பாருங்கள்.

நான் ஆறு வருடம் டேட்டா என்ட்ரி வேலையில் இருந்தவள். அங்கே தரத்துக்கு ஒரே அளவுகோல், காலிக் கட்டங்கள் எத்தனை என்பதுதான். பிறந்த தேதி, இரண்டாவது போன் எண் எல்லாமே கட்டாயம். நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. போனில் இருப்பவரோ பிறந்த தேதியைச் சொல்ல மாட்டேன் என்பார். அடுத்த அழைப்பு காத்திருக்கும். 01-01-1990 என்று போட்டுவிட்டு நகர்ந்தோம். டேஷ்போர்டில் 100 சதவீதம் என்று பச்சையாகத் தெரிந்தது, எல்லோருக்கும் திருப்தி.

பிறந்தநாள் வாழ்த்து அனுப்பலாம் என்று ஒருவர் பட்டியலை எடுத்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. ஜனவரி 1ஆம் தேதிக்கு மட்டும் ஆயிரக்கணக்கில் பெயர்கள். விசாரணை வந்தது, பழி முழுக்க எங்கள் மேல். படிவத்தை அப்படி அமைத்தவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

செய்த தப்புக்கு நியாயம் கற்பிக்கிறாள் என்று சிலர் எழுதுவார்கள். நாங்கள் போட்டது பொய்த் தேதிதான், மறுக்கவில்லை. ஆனால் 'தெரியவில்லை' என்று குறிக்க இடம் இருந்திருந்தால் அதைத்தானே குறித்திருப்போம்? தகவலை அட்டவணைகளாக வைக்கும் உறவுசார் தரவுத்தளத்துக்கு அடித்தளம் போட்ட எட்கர் காட் 1985இல் வெளியிட்ட விதிகளில் மூன்றாவது இதைத்தான் சொல்கிறது: இல்லாத தகவலை, எழுத்தே இல்லாத வெற்று மதிப்பிலிருந்தும் பூஜ்யத்திலிருந்தும் வேறுபடுத்திக் குறிக்க வழி இருக்க வேண்டும். அத்தனை பழைய விஷயம் இது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டேட்டா என்ட்ரி ஆட்களைத் தரவு பற்றிய எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிட மாட்டார்கள். அடுத்த வேலைக்கு நேர்காணல் போனபோது "டேட்டா என்ட்ரிதானே" என்று ஆறு வருடத்தை ஒரே வரியில் தள்ளிவிட்டார்கள். இன்றும் ஆறவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒவ்வொரு நெடுவரிசையிலும் அதிகம் திரும்பத் திரும்ப வரும் மதிப்பு எது என்று எண்ணிப் பாருங்கள். எக்செல்லிலேயே முடியும். ஒப்புக்கு நிரப்பியவை மேலே வந்து நிற்கும். அப்புறம், ஒரே போன் எண்ணில் இரண்டு மூன்று வாடிக்கையாளர்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள். ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது, போன வரிசைகளும் வந்த வரிசைகளும் எண்ணிக்கையில் சமமா என்று கட்டாயம் சரிபாருங்கள். பழைய எக்செல் கோப்பு வகையில் 65,536 வரிசைக்கு மேல் நிற்காது. இங்கிலாந்தில் 2020இல் அதனால் 15,841 கோவிட் தொற்றுகள் கணக்கில் வராமல் விடுபட்டன. கோப்பில் நின்ற வரிசைகளை மட்டும் பார்த்திருந்தால் குறை எதுவும் தெரிந்திருக்காது.

கடைசியாக, கண்ணை மூடிக்கொண்டு ஐம்பது பதிவுகளை எடுத்து, அந்த எண்களுக்குப் போன் செய்து கேளுங்கள். இரண்டு நாள் வேலை. அதற்கப்புறமும் மென்பொருள் தேவை என்று பட்டால் வாங்குங்கள்.