சூடான நீல நட்சத்திரம் எப்படி இருக்கும்? கேட்டையில் இருக்கும் ஒன்றை வைத்துச் சொல்கிறேன்

கேள்வி இதுதான்: முதன்மைத் தொடரில், அதாவது மையத்தில் ஹைட்ரஜனை ஹீலியமாக மாற்றும் பருவத்தில் இருக்கும் சூடான நீல நட்சத்திரத்தின் வெப்பம், எடை, வெளிச்சம், ஆயுள் எல்லாம் எவ்வளவு? சூரியனிலிருந்து அது எதில் வேறுபடுகிறது?

பொதுப்படையாகச் சொன்னால் எண்கள் மனதில் நிற்காது. ஒரே ஒரு நட்சத்திரத்தை எடுத்துக்கொள்கிறேன். வாசலுக்கு வந்தால் நீங்களும் பார்க்கலாம்.

நான் இருப்பது பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம். ஒரு காலத்தில் சுற்றிலும் பால்மரக் காடு. இப்போது பெரும்பாலும் செம்பனை. சாயங்காலத்தில் படிவம் நான்கு, ஐந்து பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். ஜூலை நடுவில் இரவு பத்து மணிக்கு இங்கிருந்து நேர் தெற்கே நிமிர்ந்து பார்த்தால் விருச்சிகம் வளைந்து கிடக்கும். அதன் நெஞ்சில் சிவப்பாக ஒன்று, இரு பக்கமும் மங்கலாக இரண்டு. மூன்றும் சேர்ந்ததுதான் பஞ்சாங்கத்தில் வரும் கேட்டை. நடுவில் சிவப்பாக இருப்பது ஆன்டாரஸ். அதற்கு வலப்பக்கம் மேலே சிக்மா, இடப்பக்கம் கீழே டௌ. இந்த டௌதான் நம் ஆள்.

கேட்டை என்றாலே நம்மவர்களுக்கு ஒரு பயம். "கேட்டை மூட்டை செவ்வாய்க்கிழமை" என்று ஒதுக்கி வைப்பார்கள். கேட்டையில் பிறந்த பெண் மூத்த மைத்துனனுக்கு ஆகாது என்று சொல்லி என் அத்தைக்கு வந்த வரன்கள் தட்டிப்போயின. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. சுமார் 470 ஒளியாண்டு தொலைவில் எரிகிற ஒரு வாயு உருண்டை யாருடைய மைத்துனனை என்ன செய்துவிடும்?

முதலில் நிறம். வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "சார், சிவப்புதானே சூடு? குழாயிலகூட சிவப்புப் பக்கம் திருப்புனா சுடுதண்ணி, நீலம்னா பச்சைத்தண்ணி." குழாயில் அது மனிதர்கள் போட்ட அடையாளம். இயற்கை அதற்கு நேர்மாறு. ஒரு பொருள் எவ்வளவு சூடாகிறதோ அவ்வளவு குறுகிய அலைநீளத்தில் அதன் ஒளி உச்சத்தைத் தொடும். 2,898 என்ற எண்ணை வெப்பநிலையால் வகுத்தால் அந்த உச்சம் மைக்ரோமீட்டரில் கிடைக்கும். வீன் விதி என்பது இதுதான். சூரியனின் மேற்பரப்பு 5,772 கெல்வின், ஆகவே உச்சம் 500 நானோமீட்டர் அளவில். ஆன்டாரஸ் 3,600 கெல்வின் சொச்சம், அதனால் சிவப்பு. டௌ ஏறக்குறைய 32,000 கெல்வின். வகுத்துப் பாருங்கள்: சுமார் 91 நானோமீட்டர். அது நீலமே இல்லை. ஊதாவையும் தாண்டி, புற ஊதாவுக்குள் வெகுதூரம் போய்விட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நீல நட்சத்திரம் என்று நாம் சொல்வது அதன் ஒளியின் ஓரத்தை மட்டும் பார்த்துவிட்டுத்தான். டௌ வெளியிடும் ஆற்றலில் பெரும்பகுதி நம் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் ஒப்பிட்டால் அது சூரியனைப் போல ஆயிரத்தைந்நூறு மடங்கு அளவுக்குத்தான் வரும். எல்லா அலைநீளத்தையும் கூட்டினால் இருபதாயிரம் மடங்குக்கு மேல். வெப்பநிலை 20,000 கெல்வினைத் தாண்டிய பிறகு, சூடு இன்னும் எவ்வளவு ஏறினாலும் கண்ணுக்குத் தெரியும் நிறம் பெரிதாக மாறாது. ஏறுகிற ஆற்றல் எல்லாம் புற ஊதாவில் போய்ச் சேருகிறது. வானத்தில் கருநீல நட்சத்திரம் எதையும் நீங்கள் பார்க்காததற்கும், மிகச் சூடானதுகூட நீலம் கலந்த வெள்ளையாகவே தெரிவதற்கும் இதுதான் காரணம்.

இன்னொன்றும் உண்டு. ஆகஸ்டு, செப்டம்பரில் சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வந்தால் இங்கே நிலா செம்மண் நிறத்துக்கு வந்துவிடும். நட்சத்திரங்களுக்கு இடையில் இருக்கும் தூசியும் அதே வேலையைச் செய்கிறது. நீலத்தைச் சிதறடித்து, சிவப்பை விட்டுவிடுகிறது. அதனால் நிறத்தை மட்டும் நம்பி வெப்பநிலை சொல்லக் கூடாது. தூசிக்குப் பின்னால் இருக்கும் நீல நட்சத்திரம் மஞ்சளாகக்கூடத் தெரியும். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டையான நிறமாலையில் உள்ள கோடுகளைப் பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். 1920ல் இந்திய இயற்பியலாளர் மேகநாத் சாஹா கண்டுபிடித்த சமன்பாடுதான் இதற்கு அடிப்படை: எந்தச் சூட்டில், எந்த அழுத்தத்தில், எந்த அணு எத்தனை எலக்ட்ரானை இழக்கும் என்பதை அது சொல்லும். 1925ல் வானியலாளர் செசிலியா பெய்ன் அதை நட்சத்திரங்கள்மேல் போட்டுப் பார்த்து, நட்சத்திரம் என்பது பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமும்தான் என்று காட்டினார். டௌவின் நிறமாலையில் ஹைட்ரஜன் கோடுகள் மெலிந்து, ஹீலியம் கோடுகள் எடுப்பாக இருக்கும். ஹைட்ரஜன் குறைவு என்று இதற்கு அர்த்தமில்லை. அந்தச் சூட்டில் ஹைட்ரஜன் அணுக்கள் பெரும்பாலும் எலக்ட்ரானை இழந்து நிற்கின்றன. கோடு போட ஆள் இல்லை. இப்படிப் பார்த்துத்தான் இதைப் பி வகையின் தொடக்கத்தில், எல்லாவற்றிலும் சூடான ஓ வகையை ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

சூரியனுக்கு அடுத்தபடியாக, எந்தத் தனிமம் எவ்வளவு என்று அக்குவேறு ஆணிவேறாக அலசப்பட்ட முதல் நட்சத்திரமே இந்த டௌதான். ஜெர்மனியின் ஆல்பிரெக்ட் உன்சால்ட் 1939ல் அமெரிக்காவுக்குப் போய் இதன் நிறமாலையைப் பதிவு செய்துகொண்டு திரும்பினார். போர் நடந்த வருடங்களில் உட்கார்ந்து அதைக் கணக்கிட்டார். வெறும் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் ஒரு புள்ளியைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொள்ள முடியும் என்பதே எனக்குப் பெரிய நம்பிக்கையாக இருக்கிறது. ஆனால் உண்மையான ஆற்றல் இருக்கும் புற ஊதாவை நம் காற்றுமண்டலம் உள்ளே விடாது. அதை விரிவாகப் பதிவு செய்ய 1972ல் ஏவப்பட்ட கோப்பர்நிக்கஸ் விண்கலம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போது அளவுகள். டௌவின் ஆரம் சூரியனைப் போல ஐந்து மடங்கு சொச்சம். எடை பதினைந்து மடங்கு அளவில். இருபதாயிரம் மடங்கு வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஆரம் ஐந்து மடங்கு என்றால் பரப்பு இருபத்தைந்து மடங்கு. வெப்பநிலை ஐந்தரை மடங்கு. ஒரு சதுர மீட்டரிலிருந்து வரும் ஆற்றல் வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப ஏறும், அது தொள்ளாயிரம் மடங்கைத் தாண்டுகிறது. இரண்டையும் பெருக்கினால் கணக்கு நேராகிவிடும். பிள்ளைகளிடம் இந்தப் பெருக்கலைக் கையால் போடச் சொல்வேன். சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்கள்கூட விடை வந்ததும் ஒரு தடவை தலை நிமிர்ந்து பார்ப்பார்கள். இவ்வளவு பெரிய உருவத்தின் சராசரி அடர்த்தி தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை என்பதையும் அவர்களே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கலாம்.

இத்தனைக்கும் மூல காரணம் ஒன்றே ஒன்று: எடை. மேலிருந்து அழுத்தும் எடை அதிகம் என்பதால் மையம் அதிகம் சூடாகிறது. சூரியனின் மையம் ஒன்றரைக் கோடி டிகிரி என்றால், இதன் மையம் மூன்று கோடியைத் தாண்டும். இரண்டுமே ஹைட்ரஜனை ஹீலியமாக மாற்றுகின்றன. முதன்மைத் தொடர் என்பதே மையத்தில் அந்த வேலை நடந்துகொண்டிருக்கும் காலம்தான். ஆனால் வழி வேறு. சூரியனில் புரோட்டான்கள் நேராக ஒன்றோடொன்று சேர்கின்றன. இங்கே கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் நடுவில் நின்று வேலையை முடித்துவிட்டு, தாங்கள் தீராமல் திரும்ப வருகின்றன. 1930களின் கடைசியில் பெத்தே, வைசேக்கர் என்ற இயற்பியலாளர்கள் கண்டுபிடித்த சுழற்சி இது. சூரியனில் இந்த வழியில் வரும் ஆற்றல் ஒரு விழுக்காடு அளவுதான். டௌ போன்றவற்றில் ஏறக்குறைய முழுவதும் இதுவே. வெப்பநிலை சிறிது ஏறினாலும் இதன் வேகம் பல மடங்கு பாயும்.

மையத்தில் இவ்வளவு ஆற்றல் குவிவதால் அங்கே வாயு கொதித்துப் புரளும். வெளிப்பகுதி அமைதியாக ஒளியை மட்டும் கடத்தும். சூரியனில் இது தலைகீழ்: உள்ளே அமைதி, வெளியே கொதிப்பு. சூரியனின் காந்தப்புலத்துக்கு அந்த வெளிக் கொதிப்பு தேவைப்படுகிறது. அப்படியானால் நீல நட்சத்திரத்துக்கு வலுவான காந்தப்புலம் இருக்கக் கூடாது, பெரும்பாலானவற்றுக்கு இல்லைதான். டௌவுக்கு இருக்கிறது! 2006ல் அளந்தபோது சுமார் 500 காஸ் (காந்தப்புலத்தின் அலகு), அதுவும் சிக்கலான வடிவத்தில். இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றோடொன்று மோதிக் கலந்தால் இப்படி ஒரு காந்தப்புலம் உருவாகும் என்று 2019ல் ஷ்னைடர் குழுவினர் கணினியில் நிகழ்த்திக் காட்டினார்கள். டௌ தன்னோடு சேர்ந்து பிறந்த நட்சத்திரக் கூட்டத்தில் உள்ள மற்றவற்றைவிட வயதில் இளையதுபோலத் தெரிவதும் அந்தக் கதைக்குப் பொருந்துகிறது.

சுழற்சியிலும் டௌ விதிவிலக்கு. ஒரு சுற்றுக்கு 41 நாள் எடுத்துக்கொள்கிறது. சூடான நட்சத்திரங்கள் பொதுவாக வேகமாகச் சுழல்பவை. மகத்தின் பிரகாசமான நட்சத்திரமான ரெகுலஸ், டௌவைவிடச் சூடு குறைந்த நீலவெள்ளை. அது 16 மணி நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, இடுப்பு பிதுங்கி, முட்டை போலச் சப்பையாகிவிட்டது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த நம் சந்திரசேகர் 1946ல் ஒன்று சொன்னார்: இவ்வளவு சூட்டில் எலக்ட்ரான்கள் ஒளியைச் சிதறடிப்பதால், நட்சத்திரத்தின் விளிம்பிலிருந்து வரும் ஒளி ஒரு திசையில் முனைவாகி, அதாவது அதன் அலைகள் ஒரே தளத்தில் அதிகம் அதிர்ந்தபடி இருக்க வேண்டும். அதன் தொடர்ச்சியாக, சுழற்சியால் சப்பையான நட்சத்திரத்தில் அந்த முனைவாக்கம் வெளியே தெரியும் என்பதைப் பிறகு கண்டார்கள். 2017ல் ஆஸ்திரேலியாவில் ரெகுலஸை அளந்தவர்கள் அதையே பார்த்தார்கள். இன்னும் மூன்று நாலு விழுக்காடு வேகம் கூடினால் அது பிய்த்துக்கொண்டு சிதற வேண்டியதுதான் என்றும் அந்த அளவீடு சொன்னது. கணக்குப் போட்டு எழுபது வருடத்துக்குப் பிறகு அந்த மனிதரின் சொல் வானத்தில் மெய்யானது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதை நான் ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன்.

காற்றைப் பற்றிச் சுருக்கமாக. இவ்வளவு ஒளி வெளியே பாயும்போது, மேற்பரப்பின் வாயுவையும் தள்ளிக்கொண்டு போகும். நொடிக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் அளவில் வீசும் காற்று அது. சூரியக் காற்று நானூறு அளவில்தான்.

ஆயுள்தான் பலருக்கும் வியப்பாக இருக்கும். எரிபொருள் பதினைந்து மடங்கு, செலவோ இருபதாயிரம் மடங்கு. சூரியனுக்கு முதன்மைத் தொடரில் 1,000 கோடி ஆண்டு என்றால், இந்த எடையுள்ள நட்சத்திரத்துக்கு ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டுதான். அதனால்தான் இவை அரிது, பிறந்த இடத்தைவிட்டு வெகுதூரம் போவதற்குள் முடிந்துவிடுகின்றன. ஹைட்ரஜன் தீர்ந்த பிறகு என்ன ஆகும் என்பதை அறிய வேறு எங்கும் போக வேண்டாம். பக்கத்தில் இருக்கும் ஆன்டாரஸைப் பாருங்கள். அதுவும் பிறக்கும்போது பத்துப் பதினைந்து சூரிய எடையுள்ள நீல நட்சத்திரமாகத்தான் இருந்தது. மையம் தீர்ந்து, வெளிப்பகுதி ஊதிப் பெருத்து, ஏறக்குறைய 700 சூரிய ஆரத்துக்குப் போய், மேற்பரப்பு ஆறி, சிவந்துவிட்டது. டௌவும் ஆன்டாரஸும் ஒரே பெருங்கூட்டத்தைச் சேர்ந்தவை. கேட்டையின் இந்த இரண்டு புள்ளிகளில் ஒரே வாழ்க்கையின் இரண்டு பருவங்களைப் பார்க்கிறோம்.

"அப்படின்னா அது வெடிக்குமா சார், நமக்கு ஏதாவது ஆகுமா?" என்று பிள்ளைகள் கேட்காமல் இருப்பதில்லை. வெடிக்கும், சூப்பர்நோவாவாக. முதலில் ஆன்டாரஸ், பல லட்சம் ஆண்டுகள் கழித்து டௌ. ஆன்டாரஸ் சுமார் 550 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது, டௌ 470. சூப்பர்நோவா பூமியின் உயிர்களைப் பாதிக்க வேண்டுமானால் சில பத்து ஒளியாண்டுகளுக்குள் வெடிக்க வேண்டும். இந்த இரண்டும் அதைப் போலப் பத்து மடங்கு தள்ளி இருக்கின்றன.