பெட்டியடியில் ஒரு வாரம்

காரைக்குடியிலிருந்து இங்கிலாந்துக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, மகள் இயர் 10 படிக்கிறாள், ஜூலையில் ஒரு வாரம் வேலை அனுபவத்துக்குப் போக வேண்டும், இடத்தை நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். "ஊரில் என்றால் செக்காலை ரோட்டில் மச்சான் கடையில் உட்கார வைத்திருப்பேன். இங்கே யாரைத் தெரியும்? லண்டனில் பெரிய கம்பெனியில் இடம் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் பணம் கேட்கிறார், கொடுக்கலாமா?" இதுதான் உங்கள் கேள்வி.

கொடுக்காதீர்கள் தம்பி. உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்திலேயே நல்ல இடம் கிடைக்கும். பெரிய கம்பெனிப் பெயரில் இருக்கிற ஆசையைத்தான் முதலில் விட வேண்டும். நான் அதை விடாமல் பட்டவன்.

என் மூத்த மகனுக்கு இதே கடிதம் வந்தபோது நம் ஊர்ப் புத்தி வேலை செய்தது. தெரிந்தவர் ஒருவர் கணக்கு அலுவலகம் வைத்திருந்தார், ஒரே ஒரு போன், இடம் கிடைத்துவிட்டது. பையன் ஐந்து நாளும் ஒரு மூலையில் உட்கார்ந்து போனை நோண்டிவிட்டு வந்தான். வாடிக்கையாளர் கணக்கைச் சின்னப் பையனிடம் காட்ட முடியாது, அவர்கள்தான் என்ன செய்வார்கள்? என் முகத்துக்காக அவர் சேர்த்துக்கொண்டார், என் முகத்துக்காகவே இவனும் போனான். வெள்ளிக்கிழமை கையெழுத்து வாங்கியதோடு சரி.

மகள் முறை வந்தபோது நான் வாயே திறக்கவில்லை. அவளே கடைத்தெருவில் ஏறி இறங்கினாள். கால்நடை மருத்துவரிடம் பதினாறு வயது ஆக வேண்டும் என்றார்கள். நூலகத்தில் அந்த வாரத்துக்கு ஏற்கெனவே ஆள் இருந்தது. பேக்கரிக்காரர் பதிலே சொல்லவில்லை. ஆறு இடத்தில் இல்லை என்று கேட்டுவிட்டு, கடைசியில் சைக்கிள் ரிப்பேர் கடை. முதல் நாள் கூட்டிப் பெருக்கினாள், இரண்டாம் நாள் பஞ்சர். வியாழக்கிழமை ஒரு பெரியவரின் வண்டிக்கு பிரேக் மாற்றி, எவ்வளவு ஆயிற்று என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிப் பணம் வாங்கியிருக்கிறாள். அந்தத் தொகையைச் சொல்லும்போது தொண்டை அடைத்ததாம். அன்று ராத்திரி சாப்பாட்டில் அதே பேச்சுதான். அவள் ஒன்றும் பிறகு சைக்கிள் கடை வைத்துவிடவில்லை, அது வேறு.

அப்போதுதான் எங்கள் ஐயா நினைவுக்கு வந்தார். பதினான்கு வயதில் கப்பலேறி பர்மா போனவர். வட்டிக்கடையில் தலைமை ஆளான மேலாள், அவருக்கு அடுத்தாள், அவர்களுக்கெல்லாம் கீழே பெட்டியடிப் பையன். மூன்று வருடக் கணக்கு முடிந்தால்தான் ஊரைப் பார்க்க முடியும். பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கடன் கேட்டு வருகிறவன் எப்படி உட்காருகிறான், எதைச் சொல்லாமல் விடுகிறான் என்று பார்த்தே தொழில் படித்ததாகச் சொல்வார். அன்றன்றைக்குக் கணக்கு எழுதி ஐந்தொகை (மொத்த வரவு செலவைச் சரிபார்க்கும் கணக்கு) நேராகாமல் படுக்க விடமாட்டார்களாம். அதை ரொம்பத் தூக்கிப் பேசவும் வேண்டாம். தண்ணீர் சுமந்ததும், ஆத்தாளை நினைத்து அழுததும் அதே கதையில்தான் வரும். ஆனால் பெட்டிக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள் பாருங்கள், உங்கள் மகளுக்குத் தேட வேண்டியது அதைத்தான். ஐந்து நாளில் அவள் கையால் முடித்துக் கொடுக்க ஏதாவது ஒரு வேலை இருக்குமா என்று கடைக்காரரிடம் கேட்கச் சொல்லுங்கள். இருக்கும் என்றால் கடை எவ்வளவு சின்னதானாலும் பரவாயில்லை.

பள்ளிக்குப் பள்ளி நடைமுறை மாறும். முன்பு இங்கே பத்து, பதினொன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வேலை சார்ந்த கல்வி கட்டாயமாக இருந்தது, 2012-இல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். அதனால் பக்கத்து வீட்டுப் பிள்ளை பள்ளியில் எப்படி என்று கேட்டுக் குழம்ப வேண்டாம். (இயர் 10 என்பது நம் ஊர்க் கணக்கில் ஒன்பதாம் வகுப்பு. ஊருக்குப் போன் பேசும்போது அப்பத்தாவுக்கு இதை விளக்கி நானே களைத்திருக்கிறேன்.)

சம்பளம் எதிர்பார்க்காதீர்கள். கட்டாயக் கல்வி வயதில் இருக்கிற பிள்ளைக்கு இங்கே குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தாது. பல கடைக்காரர்கள் "இன்சூரன்ஸ் ஒத்துவராது" என்று தட்டிக்கழிப்பார்கள். ஆள் வைத்திருக்கிற முதலாளி எடுத்திருக்கும் காப்பீடே பெரும்பாலும் இப்படி வருகிற பிள்ளைக்கும் சேரும். "உங்கள் காப்பீட்டுக் கம்பெனியிடம் ஒரு தடவை கேட்டுச் சொல்ல முடியுமா?" என்று பணிவாகக் கேட்டால் பாதிப் பேர் இறங்கி வருவார்கள். மீதியைப் பள்ளியின் படிவம் பார்த்துக்கொள்ளும். பள்ளி சரிபார்த்து ஒப்புதல் கொடுக்க நாளாகும், கடைசி நிமிடத்தில் கொண்டுபோய் நீட்டினால் முடியாது.

கேட்கப் போகிற நேரமும் முக்கியம். சனிக்கிழமை மத்தியானம் கூட்டத்தில் போய் நிற்க வேண்டாம். வார நாளில் பள்ளி விட்ட பிறகு, கடை ஓய்ந்திருக்கும்போது போகட்டும். கையில் ஒரு பக்கக் கடிதம், அதில் எந்தத் தேதி, எந்தப் பள்ளி, ஏன் உங்கள் கடை என்று இருந்தால் போதும். நீங்கள் வாசலுக்கு வெளியே நில்லுங்கள். உள்ளே போய் மகளுக்காகப் பேசினால் காரியம் கெட்டது. நம்மவர்களுக்கு இதுதான் கஷ்டம், என் மனைவி இன்றைக்கும் பேசிவிடுவாள்.

ஜூலை வாரம் கைகூடாமல் போனாலும் பெரிய நஷ்டமில்லை. பழைய பொருள் விற்கிற தர்மக் கடைகளில் (சாரிட்டி ஷாப்) பல இடங்களில் பதினான்கு வயதிலிருந்தே தன்னார்வலராகச் சேர்த்துக்கொள்வார்கள். ஒரு வாரத்தை விட, வாரத்துக்கு இரண்டு மணி நேரமாக ஆறு மாதம் போவது நல்லது என்பது என் எண்ணம்.

ஆகஸ்ட் விடுமுறையில் ஊருக்குப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அப்போது ஒரு வாரம் ஆத்தங்குடியில் பூப்போட்ட தரைக்கல் செய்கிற பட்டறை ஒன்றில் அவளை உட்கார வையுங்கள். அங்கே மச்சானைத் தாராளமாகப் பிடிக்கலாம், அது நம் ஊர். கண்ணாடி மேல் அச்சை வைத்து, வண்ணச் சாந்தை ஊற்றி, அச்சைத் தூக்கும்போது கை நடுங்கினால் பூ கலைந்துவிடும். சூளை கிடையாது, சுடுவதும் கிடையாது, தண்ணீரில் ஊறித்தான் கல் இறுகும். அவள் பிறந்த வீட்டுத் தரையில் இருப்பது எப்படி வந்தது என்று அவளுக்கு இன்னும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

பள்ளிக் கடிதத்தில் படிவத்துக்குக் கடைசித் தேதி போட்டிருக்கும். அது எப்போது என்று பார்த்து எழுதுங்கள், அதை வைத்து எந்தக் கடைக்கு முதலில் போவது என்று பேசலாம்.