இங்கிலிஷ் வார்த்தைக்கு ரைம் தேடுறது எப்படி? கேஎல் (கோலாலம்பூர்) மக்களோட கேள்வியும் என் பதிலும்

வணக்கம் மக்களே. நான் கேஎல்ல ஸ்கூல் நாடகத்துக்கும் சின்னச் சின்ன விளம்பரத்துக்கும் தமிழ்லயும் இங்கிலிஷ்லயும் பாட்டு எழுதுறவ. "அக்கா இதுக்கு ஒரு ரைம் சொல்லுங்க"னு தனித்தனியா கேட்டவங்க எல்லாருக்கும் இன்னைக்கு ஒரே இடத்துல பதில் போடுறேன்.

பங்சார் தங்கச்சி: அக்கா, பெர்ஃபெக்ட் ரைம்னா என்ன, நியர் ரைம்னா என்ன?

வார்த்தையில அழுத்தம் விழுற உயிர்ச் சத்தம் எதுன்னு பாரு, அங்க இருந்து கடைசி வரைக்கும் அப்படியே ஒண்ணா இருக்கணும், அதுக்கு முன்னாடி நிக்கிற மெய் மட்டும் மாறணும், அப்பதான் பெர்ஃபெக்ட். லைட், நைட். ஸ்டேஷன், நேஷன். இதுல ஏதாவது ஒண்ணு லேசா விலகினா நியர் ரைம்.

நேஷனும் ஓஷனும் பெர்ஃபெக்ட்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, கிடையாது. முடிவு ஒண்ணுதான், ஆனா அழுத்தம் விழுற இடத்துல ஒண்ணு ஏ, இன்னொண்ணு ஓ. ஓஷனுக்கு மோஷன், லோஷன், எமோஷன்தான் ஜோடி. சிங்கிங், டான்சிங்கும் இதே கதைதான், கடைசி இங் மட்டும் ஒத்துப் போனா போதாது.

செந்தூல் தமிழ்ப்பள்ளி டீச்சர்: பிள்ளைங்க ஸ்பெல்லிங் பார்த்து ரைம் போடுறாங்க, எப்படித் திருத்துறது?

டீச்சர், இதுக்கு நம்ம கையிலயே ஒரு நல்ல வழி இருக்கு. இங்கிலிஷ் வார்த்தையைத் தமிழ் எழுத்துல எழுதச் சொல்லுங்க. ஓ, யூ, ஜி, ஹெச்னு ஒரே மாதிரி முடியுற வார்த்தைங்களை எடுத்துக்குங்க: ரஃப், காஃப், தோ, த்ரூ. இங்கிலிஷ்ல பார்த்தா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், தமிழ்ல எழுதின உடனே ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லன்னு பிள்ளைங்களே சொல்லிடுவாங்க. அதே சமயம் ரஃபும் ஸ்டஃபும் ஸ்பெல்லிங்ல வேற வேற, தமிழ்ல எழுதினா ஜோடி சேர்ந்துடும். லவ், மூவ் ரெண்டும் கண்ணுக்கு மட்டும் ரைம், காதுக்கு இல்ல.

ஆனா ஒரு இடத்துல தமிழ் எழுத்தே காலை வாரிடும், இதை முன்கூட்டியே சொல்லிடுங்க. முதுகுக்குச் சொல்ற பேக்கும் தோள்ல மாட்டுற பேக்கும் நம்ம எழுத்துல ஒண்ணு, சத்தத்துல முடிவு வேற. இதயத்துக்குச் சொல்ற ஹார்ட், கஷ்டத்துக்குச் சொல்ற ஹார்ட், அதுவும் அப்படித்தான். இந்த மாதிரி ஜோடி பெர்ஃபெக்ட் இல்ல, நல்ல நியர் ரைம். பிள்ளைங்க தொண்டையில கை வச்சு கடைசி மெய்யைச் சொல்லிப் பார்க்கட்டும், ஒண்ணுல அதிரும் ஒண்ணுல அதிராது.

இன்னொண்ணு டீச்சர், நம்ம பிள்ளைங்க மலாய் பாடத்துல பந்துன்னு ஒரு கவிதை படிக்கிறாங்க, நாலு வரி, ஒண்ணும் மூணும் ஒரே முடிவு, ரெண்டும் நாலும் ஒரே முடிவு. யுனெஸ்கோ 2020ல கலாச்சாரப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்த அதே பந்துன்தான். அதுல பழகின காது இருக்கு, அங்க இருந்தே ஆரம்பிங்க. தமிழ்ல எதுகைன்னு ரெண்டாவது எழுத்தைப் பார்த்துப் பழகின பிள்ளைங்க இங்கிலிஷ்லயும் வார்த்தையோட முன்பக்கத்தையே பார்ப்பாங்க, இது இயைபு மாதிரி கடைசியில வர்றதுன்னு ஒரு தடவை சொன்னா புடிச்சுக்குவாங்க.

கெப்போங் அண்ணன்: நெட் இல்லாம, புக் இல்லாம எப்படித் தேடுறது?

அண்ணே, லைட்னு ஒரு வார்த்தை. முதல் மெய்யை வெட்டிடுங்க, ஐட் மிஞ்சும். இப்ப முன்னாடி ஒவ்வொரு மெய்யா வச்சுப் பாருங்க: பைட், ஃபைட், ஹைட், கைட், மைட், நைட், ரைட், டைட், வைட். பெரும்பாலானவங்க இதோட நிறுத்திடுறாங்க, சரக்கே இதுக்கு அப்புறம்தான் இருக்கு. ரெட்டை மெய் வைங்க: ப்ரைட், ஃப்ளைட், ஃப்ரைட், ஸ்லைட், ஸ்பைட். அப்புறம் முன்னாடி ஒரு அசை சேருங்க: இன்வைட், டுனைட், யுனைட், இக்னைட். டிலைட், பொலைட் ரெண்டையும் லைட்டோட சேர்க்காதீங்க, அழுத்தம் விழுற அசை மூணுலயும் லைட்தான், அதே வார்த்தையைத் திருப்பிச் சொன்ன மாதிரி சப்புன்னு இருக்கும். ஆனா நைட்டோட டிலைட் ஜோரா நிக்கும்.

கிள்ளான்ல இருந்து வேலைக்கு வர்ற தம்பி: ரைம் தேடித் தர்ற ரைம்ஸோன் வெப்சைட் போதாதா அக்கா?

ரொம்ப நல்ல டூல், நானும் யூஸ் பண்றேன், அசை எண்ணிக்கைப்படி பிரிச்சுக் காட்டும். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்க. இந்த மாதிரி வேலைக்கு ஜனங்க அதிகம் எடுக்கிறது கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தோட உச்சரிப்பு அகராதியைத்தான், 1,34,000க்கு மேல வார்த்தை, ஒவ்வொரு உயிருக்கும் பக்கத்துல 0, 1, 2னு அழுத்தம் போட்டிருக்கும். அது முழுக்க வட அமெரிக்க உச்சரிப்பு. அவங்க ர் சத்தத்தை நல்லா தெளிவாச் சொல்வாங்க. இங்க பேசுற இங்கிலிஷ்ல பெரும்பாலும் கடைசியிலயும் மெய்க்கு முன்னாடியும் வர்ற ர்ரை முழுங்கிடுவோம், அதனால நமக்கு சாஸும் ஹார்ஸும் ஒரே முடிவு, அந்த லிஸ்ட்ல அது பெர்ஃபெக்ட்னு வராது. பாடப்போறது யாரு? அவங்க வாயில எப்படி வருதோ அதுதான் கணக்கு. டூல் தர்ற லிஸ்ட்டை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்காம எடுக்காத.

செராஸ் கல்யாண வீட்டுக்காரர்: வாழ்த்து மடலுக்கு லவ்வுக்கு ரைம் வேணும். டவ், அபவ் ரெண்டும் எல்லாரும் போட்டுட்டாங்க.

ஆமாங்க, லவ்வுக்குப் பெர்ஃபெக்ட் ரைம் ரொம்பக் கம்மி: டவ், அபவ், க்ளவ், ஷவ். கையுறையும் தள்ளிவிடறதும் கல்யாண மடல்ல என்ன பண்ண! இங்கதான் நியர் ரைம் கை கொடுக்கும். உயிரை அப்படியே வச்சுக்குங்க, கடைசி மெய்யை மட்டும் அதோட சொந்தக்கார மெய்யா மாத்துங்க. வ்வுக்கு நெருங்கின சொந்தம் ஃப். அப்ப இனஃப், ஸ்டஃப், ரஃப், டஃப் எல்லாம் கிடைக்குது. லவ்வும் இனஃபும் பாருங்க, கல்யாணத்துக்கு அர்த்தமும் பொருந்துது, இதைவிட வேற என்ன வேணும். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனா அஸ், ட்ரஸ்ட். அதுக்கு மேல போனா காது ஒத்துக்காது. இல்லன்னா லவ்வை வரியோட நடுவுல தள்ளிட்டு வேற வார்த்தையில முடிங்க, பாதிப் பேருக்கு நான் இதைத்தான் சொல்றது.

பத்து கேவ்ஸ் தங்கை: அம்மா பிறந்தநாளுக்கு. மதருக்கு ஃபாதர் சரியா?

இல்லம்மா, உயிர் வேற. அதர், அனதர், ப்ரதர், ஸ்மதர்தான் பெர்ஃபெக்ட். நியர் வேணும்னா டிஸ்கவர், கவர்.

பிரிக்ஃபீல்ட்ஸ் ராப் தம்பி: பெர்ஃபெக்ட் ரைம் போட்டா நர்சரிப் பாட்டு மாதிரி கேக்குதுக்கா.

நீ ஒரே ஒரு அசையில முடிக்கிறதனால அப்படிக் கேக்குது தம்பி. ரெண்டு மூணு அசைக்கு உயிரை மட்டும் வரிசையா பொருத்து, மெய்யை விட்டுத் தள்ளு. லேட் நைட்னு எடுத்துக்க, உயிர் ஏ, ஐ. ஸ்டே டைட், சேம் டைம், க்ரேட் லைஃப், எல்லாமே ஏ, ஐ. ரெண்டு அசையும் சேர்த்துப் பார்த்தா இதுல ஒண்ணுகூட டிக்‌ஷனரியில ஜோடியா இருக்காது, ஆனா பீட்ல விழும்போது கெட்டியா நிக்கும். இதுல நமக்கு ஒரு லாபம் இருக்கு, தமிழையும் உள்ள இழுக்கலாம். "பேர் வை"னு சொல்லிப் பாரு, அதுவும் ஏ, ஐ. லேட் நைட்ல ஆரம்பிச்சு பேர் வைன்னு முடிச்சா, மொழி மாறினதே தெரியாம ரைம் உக்காரும். இதுக்கு எந்த டூலும் உதவாது, உன் காதுதான். ஒரு பேப்பர்ல ஏ-ஐ, ஆ-ஓ, இ-ஏன்னு தலைப்பு போட்டு, காதுல விழுற வார்த்தையெல்லாம் எழுதிச் சேர்த்துட்டே வா, ரயில்ல வரும்போது கூட எழுதலாம்.

அம்பாங் அங்கிள்: ஆரஞ்சுக்கு ரைமே இல்லன்னு சொல்றாங்களே?

ஒத்த வார்த்தையா தேடினா வேல்ஸ்ல இருக்கற ப்ளோரெஞ்ச்ங்கற மலை இருக்கு அங்கிள், பாட்டுல வச்சா யாருக்கும் புரியாது. டோர் ஹிஞ்ச்னு ரெண்டு வார்த்தையா உடைச்சா நியர் ரைமா ஓடும். சில்வர், பர்ப்பிளுக்கும் இல்லன்னுதான் சொல்வாங்க, ஆனா பெண் ஆட்டுக்குட்டிக்கு ச்சில்வர்னு ஒரு பழைய பேர் இருக்கு, நொண்டி நடக்கறதுக்கு ஸ்காட்லாந்துல ஹர்ப்பிள்னு சொல்வாங்க. மாசத்துக்குச் சொல்ற மன்த்தான் நிஜமாவே சிக்கல், அதுக்கு முன்பக்கத்துக்குச் சொல்ற ஃப்ரண்ட், வேட்டைக்குச் சொல்ற ஹண்ட் மாதிரி நியர்லதான் ஓட்டணும்.